கோளக் கொத்துகளில் மாறுவிண்மீன் தேடுவது: இன்னும் என்ன மிச்சம்?

கேள்வி இது: "எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குக் கோளக் கொத்துகளில் மாறுவிண்மீன் தேடச் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்து அலசிவிட்ட இடத்தில் புதிதாக என்ன கிடைக்கப்போகிறது? தேடுவதென்றால் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?"

கிடைக்கும். கோளக் கொத்து என்பது பந்துபோல் நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம், மாறுவிண்மீன் என்பது ஒளி கூடிக் குறையும் விண்மீன். கொத்தின் நட்ட நடு மையத்தில் இன்னும் நிறையவே மிச்சம் இருக்கிறது, வெளிப்புறத்தில் கொஞ்சம். ஆனால் புதிதாக ஒன்றைப் பிடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, பிடித்தது நிஜமாகவே மாறுகிறதா, அதன் சுற்றுக்காலம் (ஒளி ஒரு தரம் ஏறி இறங்க ஆகும் நேரம்) சரிதானா என்று உறுதி செய்வதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ப்ராஜெக்ட் காலத்தைத் திட்டமிடும்போதே அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நம் பால்வெளியில் 150க்கு மேல் கோளக் கொத்துகள் தெரியும். பெரும்பாலானவை 1,000 கோடி வருஷத்துக்கு மேல் வயதானவை. ஒவ்வொன்றிலும் சில ஆயிரத்திலிருந்து பல லட்சம் வரை விண்மீன்கள். இவற்றில் ஒளி மாறும் ஒன்றை முதலில் பார்த்தது 1860 மே மாதம். விருச்சிகத்தில் கேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எம்80 கொத்து (மெஸ்ஸியே பட்டியலில் 80ஆம் எண்) திடீரென்று நடுவில் ஒரு விண்மீன் முளைத்ததுபோலத் தெரிந்தது. ஜெர்மனியில் ஔவர்ஸும், சில நாள் கழித்து இங்கிலாந்தில் நார்மன் போக்ஸனும் தனித்தனியாக அதைக் கவனித்தார்கள். அது ஒரு நோவா, அதாவது திடீரென வெடித்துப் பல மடங்கு பிரகாசமாகிப் பிறகு மங்கும் விண்மீன். இன்று டி ஸ்கார்ப்பி என்று பெயர். அந்தப் போக்ஸன்தான் அடுத்த வருஷமே சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து முப்பது வருஷம் இருந்தவர். நாம் இன்றும் பயன்படுத்தும் பொலிவெண் (பிரகாசத்தைச் சொல்லும் எண், கூடக் கூட மங்கல்) கணக்கில் ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று வைத்தவரும் அவர்தான். அவரிடம் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். அது கொத்தில் உள்ளது அல்ல, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நோவா எப்போதாவது வருவது. திரும்பத் திரும்ப மாறும் விண்மீன்களின் கதை 1889இல் ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங் எம்3இல் ஒன்றைக் கண்டதும், 1890இல் லண்டனில் டேவிட் பேக்கர் என்ற அமெச்சூர் எம்5இல் இரண்டைக் கண்டதும் தொடங்கியது. அதன் பிறகு வந்தவர் சோலன் பெய்லி. ஹார்வர்டு வானாய்வகம் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் ஒரு நிலையம் வைத்திருந்தது. அங்கே 13 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த புகைப்படக் கண்ணாடித் தட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, இருபத்துச் சொச்சம் கொத்துகளில் 500க்கு மேல் மாறுவிண்மீன்களைப் பட்டியலிட்டார். ஒமேகா சென்டாரியில் மட்டும் நூற்றுக்கும் மேல். ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து அவற்றை ஏ, பி, சி என்று பிரித்தார். இன்றும் நாம் ஆர்ஆர்ஏபி, ஆர்ஆர்சி என்று சொல்வது பெய்லி வைத்த எழுத்துகளைத்தான். ஏ, பி இரண்டையும் பின்னால் ஒன்றாக்கிவிட்டார்கள்.

பெய்லி கண்டவற்றில் பெரும்பாலானவை ஆர்.ஆர். லைரே வகை; ஆர்ஆர்ஏபி, ஆர்ஆர்சி என்பவை இதன் உட்பிரிவுகள்தான். சூரியனைவிட நிறை குறைந்த, ஹைட்ரஜனை மையத்தில் தீர்த்துவிட்டு இப்போது ஹீலியத்தை எரிக்கும் கிழட்டு விண்மீன்கள். மேற்பரப்புக்குக் கீழே ஹீலியம் அயனியாகும் அடுக்கு ஒன்று உண்டு. விண்மீன் சுருங்கும்போது அந்த அடுக்கு வெப்பத்தை வெளியே விடாமல் தேக்கி வைக்கிறது, விரியும்போது விட்டுவிடுகிறது. அதனால் விண்மீன் அரை நாளுக்கு ஒரு தரம் துடித்துக்கொண்டே இருக்கிறது. இவை ஜோடி விண்மீன்கள் அல்ல, ஒற்றை விண்மீன்தான் துடிக்கிறது என்று 1914இல் ஹார்லோ ஷாப்லி வாதாடி நிலைநாட்டினார்.

வானியலாளர்கள் இவற்றை விடாமல் துரத்துவதற்குக் காரணம், எல்லாம் ஏறக்குறைய ஒரே உண்மைப் பொலிவு கொண்டவை. தனிப் பொலிவெண், அதாவது 10 பார்செக் (சுமார் 33 ஒளியாண்டு) தூரத்தில் வைத்தால் தெரியும் பொலிவெண், சுமார் 0.6. எம்3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆர்.ஆர். லைரேக்களின் சராசரி தோற்றப் பொலிவெண் 15.6ஐ ஒட்டி இருக்கிறது. வித்தியாசம் 15. வழியில் தூசு அதிகம் இல்லாத கொத்து என்பதால் திருத்தம் பெரிதாக வேண்டாம். 15 என்ற வித்தியாசத்துக்குத் தூரம் 10,000 பார்செக், அதாவது சுமார் 33,000 ஒளியாண்டு. ஒரு தாளில் முடிகிற கணக்கு இது. இதே கணக்கைக் கொத்து கொத்தாகப் போட்டுத்தான் 1918இல் ஷாப்லி, பால்வெளியின் மையம் சூரியன் அருகில் இல்லை, தனுசு ராசிப் பக்கம் வெகு தொலைவில் இருக்கிறது என்று காட்டினார். தூரத்தை ஏறக்குறைய இரு மடங்காகச் சொல்லிவிட்டார், தூசைக் கணக்கில் எடுக்காததும் ஒரு காரணம். திசை சரி.

இன்னொரு சம்பவம், தேடிக் கிடைக்காததும் பெரிய முடிவைத் தரும் என்பதற்கு. பாலமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி வந்ததும், ஆண்ட்ரோமேடா விண்மீன் மண்டலத்தில் ஆர்.ஆர். லைரே தெரிய வேண்டும் என்று வால்டர் பாடே எதிர்பார்த்தார். அதுவரை சொல்லப்பட்ட தூரம் சரியென்றால் அவை அந்தத் தட்டுகளில் விழுந்தே ஆக வேண்டும். விழவில்லை. தெரிந்தது எல்லாம் அவற்றைவிடப் பிரகாசமான செம்பூதங்கள் (வீங்கிச் சிவந்த முதிய விண்மீன்கள்) தான். ஆண்ட்ரோமேடா நினைத்ததைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று 1952இல் ரோமில் நடந்த மாநாட்டில் அறிவித்தார். பிரபஞ்சத்தின் அளவே ஒரே அறிவிப்பில் இரட்டித்தது.

சரி, தேடும் வேலைக்கு வருவோம்.

சிக்கல் முழுக்க நெரிசல்தான். திருவிழாப் பந்தல் முழுக்கச் சீரியல் செட் எரிகிறது, அதில் ஒரே ஒரு பல்பு லேசாக மங்கி மங்கி எரிகிறது, அதை ஊருக்கு வெளியே நின்று கண்டுபிடி என்றால் எப்படி? தரையில் இருந்து பார்க்கும்போது காற்று மண்டலம் ஒவ்வொரு விண்மீனையும் ஓர் ஆர்க்செகண்டோ (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) அதற்கு மேலோ அகலமுள்ள மங்கலான திட்டாக்கிவிடுகிறது. எம்15 மாதிரி மையம் இறுகிப்போன கொத்தில் அந்த ஓர் ஆர்க்செகண்டுக்குள்ளேயே பல விண்மீன்கள் இருக்கும். அவற்றின் ஒளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கிடக்கும். பெய்லியின் தட்டுகளில் கொத்தின் நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டு. அதனால்தான் பழைய பட்டியல்களில் ஓரத்து விண்மீன்களே நிறைந்திருக்கின்றன. 1939இல் ஹெலன் சாயர் ஹாக் தொகுத்த முதல் பெரிய பட்டியலில் 1,100க்கு மேல் இருந்தன. 1973இல் வந்த மூன்றாம் பதிப்பில் 2,000ஐத் தாண்டியது. அந்த அம்மையார் கைக்குழந்தையைக் கூடையில் போட்டு வானாய்வகத்துக்கே எடுத்துச்சென்று இரவு முழுக்கப் படம் எடுத்தவர். இன்றுவரை எல்லோரும் பயன்படுத்தும் வி1, வி2 என்ற எண்கள் அந்தப் பட்டியலின் தொடர்ச்சிதான். அவருக்குப் பின் கிறிஸ்டின் கிளமெண்ட் அதைப் பராமரித்தார்.

நெரிசலை உடைத்தது படம் கழித்தல் என்ற முறை. 1998இல் அலார்டும் லப்டனும் இதைச் சீராக்கினார்கள். செய்முறையைச் சொல்கிறேன். ஒரே கொத்தை இருநூறு, முந்நூறு படம் எடுத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நிலைக்கு நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைக்கிறீர்கள். காற்று அமைதியாக இருந்தபோது எடுத்த, மிகக் கூர்மையான சில படங்களைச் சேர்த்து மேற்கோள் படம் ஒன்று செய்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும், அன்றைக்குக் காற்று எவ்வளவு மங்கலாக்கியதோ அதே அளவுக்கு மேற்கோள் படத்தையும் மங்கலாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறீர்கள். மாறாத விண்மீன் எல்லாம் கழிந்து காணாமல் போகும். மாறியது மட்டும் வெள்ளைப் புள்ளியாகவோ கறுப்புப் புள்ளியாகவோ நிற்கும். எல்லா வேறுபாட்டுப் படங்களின் எதிர்க்குறியையும் நீக்கிக் கூட்டிப் பார்த்தால், மாறுவிண்மீன்கள் இருக்கும் இடம் மட்டும் தனியாக மேலெழும். முதல் தடவை அதைத் திரையில் பார்க்கும்போது, சற்று முன்வரை குழம்பாக இருந்த மையத்தில் தனித்தனிப் புள்ளிகள் வரிசையாக எழுந்து நிற்பது பெரிய சந்தோஷம்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்காது. அந்தப் புள்ளிகளில் கணிசமானவை போலி. செம்பூதம் ஏதாவது அளவுக்கு மீறிய ஒளியால் கேமராவைத் திகட்டவைத்திருந்தால், அதைச் சுற்றி வளையம் வளையமாக மிச்சம் விழும். கேமராவின் கெட்ட நெடுவரிசை (பழுதான பிக்சல் வரிசை) மேல் விண்மீன் நகர்ந்த இரவுகளில் அது திடீரென மங்கும். இன்னொரு வகைப் போலி இன்னும் நயவஞ்சகமானது: உண்மையான ஆர்.ஆர். லைரே ஒன்றுக்கு இரண்டு ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கும் சாதாரண விண்மீனின் ஒளியைத் தனியாக அளந்தால், பக்கத்து வீட்டு ஒளி வழிந்து, அதுவும் அதே சுற்றுக்காலத்தோடு மாறுவதாகக் காட்டும். வீச்சு (ஒளி ஏறி இறங்கும் அளவு) மட்டும் குறைவாக இருக்கும். புதிது கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போது, பத்து ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள் அதே சுற்றுக்காலத்தோடு ஏற்கெனவே பட்டியலில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வேறுபாட்டுப் படத்தில் புள்ளியின் மையம் எந்த விண்மீன் மேல் சரியாக உட்காருகிறது என்பதே தீர்ப்பு.

அடுத்தது நேரம். மாறுகிறது என்று தெரிந்துவிட்டது, எத்தனை மணிக்கு ஒரு தரம்? ஒரே ஊரிலிருந்து இரவில் மட்டும் பார்ப்பதால் நம் அளவீடுகள் 24 மணி நேர இடைவெளியில் கட்டுக் கட்டாக விழுகின்றன. இதனால் பொய்க் காலம் முளைக்கும். ஒரு ஆர்ஆர்சி விண்மீன் 0.35 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2.857 சுற்று. இதில் ஒரு முழுச் சுற்றைக் கழித்து 1.857 என்று வைத்தாலும், தினமும் ஒரே நேரத்தில் பார்க்கிறவருக்கு எல்லாப் புள்ளியும் அழகாகப் பொருந்தும். 1.857 என்றால் 0.54 நாள், அது ஆர்ஆர்ஏபிக்கு உரிய காலம். கணினி மென்பொருள் இரண்டுக்கும் ஏறக்குறைய சம உயரத்தில் சிகரம் போடும், நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவின் வடிவம் உதவும்: ஆர்ஆர்ஏபி சரசரவென்று ஏறி மெதுவாக இறங்கும், ஆர்ஆர்சி சைன் வளைவு மாதிரி உருண்டையாக இருக்கும். இன்னும் நம்பகமான வழி, ஒரு நீண்ட இரவு. ஏப்ரல் நடுவில் எம்3 அந்தி சாயும்போதே கிழக்கில் எழுந்துவிடும்; எட்டு மணியிலிருந்து அதிகாலை நாலு மணிவரை விடாமல் எடுத்தால் 0.33 நாள். ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றும் ஒரே இரவில் கண்முன் வந்துவிடும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆறு மாதம் சிதறிச் சிதறி எடுத்த நூறு படத்தைவிட இப்படி ஓர் இரவு சில சமயம் மேல்.

ஆனால் சுற்றுக்காலத்தின் கடைசித் தசமங்களுக்கு வருஷங்கள் வேண்டும். அரை நாள் காலத்தில் ஒரு விநாடி பிசகினால் நூறு வருஷத்தில் 73,000 சுற்றுகள் சேர்ந்து இருபது மணி நேரம் தள்ளிப்போகும். இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்: பெய்லி காலத்துத் தட்டுகளில் உச்சம் விழுந்த நேரத்தையும் இன்று விழும் நேரத்தையும் ஒப்பிட்டால் காலம் விநாடியில் மிகச் சிறு பங்கு மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். எம்3, எம்5 ஆகியவற்றில் இந்த வேலை நூறு வருஷத் தரவை வைத்து நடந்திருக்கிறது. ஒரு விண்மீன் கிழடு தட்டுவதை நேரடியாக அளக்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? அதனால் புதிது எதுவும் கிடைக்காவிட்டாலும், பழைய விண்மீன்களுக்கு இந்த வருஷத்து உச்ச நேரத்தைக் கொடுத்தாலே உங்கள் ப்ராஜெக்ட் வீணில்லை. நான் மதிப்பெண் போடுகிறவனாக இருந்தால் இதற்குத்தான் கூடப் போடுவேன்.

புதிதாகக் கிடைக்கக்கூடியவை எவை? பெரிய வீச்சுள்ள ஆர்.ஆர். லைரேக்கள் நெரிசல் குறைந்த கொத்துகளில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பவை மையத்தில் புதைந்தவை. சிலியில் லா சில்லாவில் உள்ள 1.54 மீட்டர் டேனிஷ் தொலைநோக்கியில், விநாடிக்குப் பத்துப் படம் எடுத்து அதில் கூர்மையானவற்றை மட்டும் சேர்க்கும் முறையை வைத்து, என்.ஜி.சி. என்ற இன்னொரு வான்பொருள் பட்டியலில் உள்ள என்.ஜி.சி. 6388, என்.ஜி.சி. 6441 இரண்டின் மையத்திலும் தலா நாற்பதுக்கு மேல் புதியவற்றைச் சில வருஷம் முன்பு பிடித்தார்கள். அப்புறம் எஸ்.எக்ஸ். ஃபீனிசிஸ் வகை: இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான காலம், சின்ன வீச்சு, ஆர்.ஆர். லைரேயைவிட இரண்டு மூன்று பொலிவெண் மங்கல். கொத்தில் இந்த வயதில் இருக்கவே கூடாத இளமைத் தோற்றத்தோடு திரியும் நீல விண்மீன்களுக்குள் இவை ஒளிந்திருக்கும். செம்பூதக் கிளையின் உச்சியில் இருப்பவை (மிகப் பிரகாசமான செம்பூதங்கள்) மாதக் கணக்கில் மெதுவாக ஆடும். அவற்றுக்கு ஒரு சீசன் போதாது. ஒட்டிச் சுற்றும் ஜோடிகளும் உண்டு.

47 டுக்கானே கொத்தை ஹப்பிள் 1999இல் எட்டு நாள் விடாமல் பார்த்தது. தேடியது விண்மீனைக் கடக்கும் கோள்களை. சுமார் 34,000 விண்மீன்களில் 17 கோளாவது சிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், ஒன்றுகூட இல்லை. அதே தரவிலிருந்து நூற்றுக்கு மேல் மாறுவிண்மீன்கள் வந்து விழுந்தன.

கிடைத்தது கொத்துக்குள்தான் இருக்கிறதா, வழியில் நிற்கும் வேறு ஏதோ ஒன்றா என்பதும் கேட்கப்படும். இதற்கு, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு பெரிய உதவி. வானில் விண்மீன் நகரும் வேகமும் திசையும் கொத்தின் நகர்வோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிறம்–பொலிவு வரைபடத்தில் உட்கார வேண்டிய இடத்தில் உட்காருகிறதா என்றும் பாருங்கள். கையாவே சுமார் 2,70,000 ஆர்.ஆர். லைரேக்களைப் பட்டியலிட்டிருக்கிறது, ஆனால் கொத்தின் நெரிசலான மையத்தில் அதுவும் திணறியது. கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட். கொத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடியே இயக்குவார்கள். மெக்சிகோவின் அரெயானோ ஃபெர்ரோவும் நம் சுனேத்ரா கிரிதரும் பிராமிக்கும் எம்53, எம்72, என்.ஜி.சி. 5053 போன்ற கொத்துகளை அதில் பார்த்து, படம் கழித்தல் முறையில் புதியவற்றைக் கண்டதோடு பழைய பட்டியலில் தவறாக ஏறியிருந்தவற்றை நீக்கவும் செய்தார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, அந்தப் பட்டியலை ஒரு தரம் நீங்களே மறுபடி கட்டிப் பாருங்கள். பாடநூலைவிட அதில் அதிகம் கற்கலாம்.

கல்லூரியில் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு குளிரூட்டிய கேமராவும் இருந்தால் போதும், எம்3இன் வெளிப்புற ஆர்.ஆர். லைரேக்களை ஒன்றிரண்டு நிமிட வெளிச்சப்பதிவில் நன்றாகப் பிடிக்கலாம். இருண்ட ஊர் வேண்டும், அவ்வளவுதான். மாசியிலிருந்து சித்திரைவரை நல்ல காலம். எம்15க்குச் சரியான மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும், தமிழ்நாட்டிலிருந்து அதை நம்ப வேண்டாம். ஒமேகா சென்டாரி சென்னையிலிருந்து தெற்கே 30 டிகிரி உயரம்வரை வரும், தாராளமாகப் பார்க்கலாம். 47 டுக்கானேவை மறந்துவிடுங்கள், அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டே போய்விடும்.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் என் யோசனை இது. எம்3ஐயும் எம்13ஐயும் சேர்த்து எடுங்கள். இரண்டிலும் உலோக அளவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் பங்கு) ஏறக்குறைய ஒன்று. எம்3இல் ஆர்.ஆர். லைரே 200க்கு மேல், எம்13இல் விரல் விட்டு எண்ணிவிடலாம். உலோக அளவு ஒன்றாக இருந்தும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு வயது, ஹீலிய அளவு என்று பல விடைகள் சொல்கிறார்கள், எதுவும் முழுதாக ஒட்டவில்லை. தொடங்கும் முன் பயிற்சிக்கு எம்5இன் வி42, வி84 இரண்டையும் பாருங்கள். 1890இல் பேக்கர் கண்ட அதே இரண்டு. காலம் சுமார் 26 நாள், பிரகாசமும் 11ஆம் பொலிவெண்ணை ஒட்டி. சின்னத் தொலைநோக்கியிலேயே, தெளிவான இரவுக்கு ஒரு படம் வீதம் எடுத்தால் இரண்டு மாதத்தில் முதல் ஒளி வளைவு கையில் இருக்கும். மென்பொருள், அளவீடு, நேரத்தைச் சூரிய மையத்துக்குத் திருத்துவது (பூமியின் நகர்வால் வரும் நேர வித்தியாசத்தை நீக்குவது) எல்லாம் அதிலேயே பழகிவிடும். எம்3க்கு அதற்குப் பிறகு போகலாம்.